காங்கோ ஆற்று விலங்கின் கதையை அடிவரை தேடுவது எப்படி: புதுவை, கடலூர் வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

மத்திய ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் படுகையில் மொகேலே-ம்பெம்பே என்ற விலங்கு ஒளிந்து வாழ்கிறது என்றும், யானையளவு உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட அது அழியாமல் எஞ்சிய டைனோசர்தான் என்றும் சொல்லும் கதை, தமிழ்க் காணொளிகளிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் "இது நிஜமா?" என்று கேட்கிறார்கள். "எல்லாம் கட்டுக்கதை" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் ஆர்வத்துக்கு அது நியாயம் செய்வதாகாது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கோ, நூலக வாசகர் வட்டத்துக்கோ, விடுமுறை நாளில் வீட்டுப் பிள்ளைகளோடு செய்வதற்கோ ஏற்றபடி, இந்தக் கதையை அதன் முதல் எழுத்துப் பதிவு வரை பின்தொடர்ந்து சென்று ஆராயும் முறையை இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்கு நம் ஊரில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். "அந்த விலங்கு இருக்கிறதா, இல்லையா?" என்று தொடங்கினால் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போடுமே தவிர, ஆராய்ச்சி நடக்காது. "இதை முதலில் எழுதியவர் யார்? அவர் நேரில் பார்த்தாரா, பிறர் சொல்லிக் கேட்டாரா? அவர் எழுதியதில் என்னென்ன அடையாளங்கள் இருந்தன?" என்று கேட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய விடை இருக்கிறது. ஆகவே ஒரு பெரிய சார்ட் தாளில் ஆண்டு, எழுதியவர், நேரில் கண்டதா கேட்டதா, இடம், சொல்லப்பட்ட அடையாளங்கள், கையில் கிடைத்த பொருள் என ஆறு பத்திகளை வரைந்துகொள்ளுங்கள். கடைசிப் பத்தி காலியாகவே போய்க்கொண்டிருந்தாலும் அதை அழித்துவிடாதீர்கள்.

முதல் வரியை நிரப்புவது

தாளின் முதல் வரியில் வரவேண்டிய ஆண்டு 1776. பிரெஞ்சுப் பாதிரியார் புரோயார், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த லோவாங்கோ முதலிய அரசுகளின் வரலாற்றை அந்த ஆண்டில் வெளியிட்டார். அதில் வரும் சில வரிகளைத்தான் இந்தக் கதையின் தொடக்கமாக எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நம் ஊரின் வசதி இங்கேதான் உதவுகிறது. மற்ற ஊர்க்காரர்கள் அந்த வரிகளை ஆங்கில மொழிபெயர்ப்பில், அதுவும் பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவில் படிக்கிறார்கள். புதுச்சேரியிலோ, பிரெஞ்சில் படித்து வளர்ந்த பெரியவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். இல்லையென்றால் பள்ளியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்த பிள்ளை ஒன்று நிச்சயம் அகப்படும். நூலின் பழைய பதிப்பு இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. விலங்குகளைப் பற்றிய பகுதியை மட்டும் அச்செடுத்துக்கொண்டு, பெரியவர் ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துச் சொல்ல, பிள்ளைகள் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். அவசரப்பட வேண்டாம், ஒரு பத்திக்கு ஒரு மாலைப்பொழுதே போனாலும் நட்டமில்லை.

அப்படி எழுதிப் பார்க்கும்போது சில செய்திகள் கண்ணில் படும். புரோயார் தாமே அங்கே போனவர் அல்லர். மறைபரப்புப் பணியாளர்களின் குறிப்புகளை வைத்துத் தொகுத்தவர். அந்தப் பணியாளர்களும் விலங்கைப் பார்க்கவில்லை. காட்டோரமாகப் போகும்போது அதன் கால்தடத்தைப் பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள். தரையில் நகங்களின் தடம் தெரிந்தது, ஒவ்வொரு தடத்தின் சுற்றளவும் ஏறக்குறைய மூன்று அடி, தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி ஏழெட்டு அடி, விலங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும்: சொல்லப்பட்டது இவ்வளவுதான். கழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆறு இல்லை, வாலும் இல்லை. மேலும் லோவாங்கோ அட்லாண்டிக் கடற்கரையில் இருக்கிறது. இந்த விலங்கின் இருப்பிடமாக இன்று காட்டப்படும் லிக்குவாலா சதுப்புக் காடுகள் அங்கிருந்து 800 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டில் இருக்கின்றன. ஆகவே இந்த வரியை மொகேலே-ம்பெம்பேயின் கணக்கில் சேர்ப்பது சரிதானா என்பதையே வகுப்பில் விவாதிக்கலாம். நான் அதைப் பென்சிலால் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி இடுவதை விரும்புகிறேன்.

இதைப் படிப்பதோடு நிறுத்தாமல் தரையில் வரைந்து பார்க்க வேண்டும். பழைய பிரெஞ்சு அடி நம் அடியைவிடச் சற்று நீளம், ஏறக்குறைய 32.5 செ.மீ. எனவே மூன்றடிச் சுற்றளவு என்பது 97 செ.மீ. அந்த நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, முனைகளை முடிந்து, கடற்கரை மணலிலோ பள்ளி முற்றத்திலோ வட்டமாக வைத்து, கோலமாவால் ஓரத்தைக் கோடிடுங்கள். குறுக்களவு 31 செ.மீ. வரும்; பள்ளி அளவுகோல் ஒன்றின் நீளம், அவ்வளவே. "மூன்றடித் தடம்" என்று கேள்விப்பட்டபோது பிள்ளைகள் கற்பனை செய்துகொண்டது மூன்றடி அகலத் தடத்தை. வரைந்து பார்க்கும்போது அது யானையின் காலடியைவிடப் பெரிதில்லை என்பது தெரிந்துவிடும். யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரட்டிப்பாக்கினால் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும் என்ற பழைய கணக்கை நம் பாகர்களும் வனத்துறையினரும் அறிவார்கள். அதன்படி 97 செ.மீ. தடம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள யானைக்குரியது. நகத்தடம் என்ற குறிப்பு யானைக்குப் பொருந்தவில்லை என்று ஒரு பிள்ளை எதிர்வாதம் செய்தால் அதைப் பாராட்டித் தாளில் எழுதுங்கள். தடம் யாருடையது என்று இன்று யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் "அசுரத்தனமான அளவு" என்ற எண்ணம் அளவுகோலுக்கு முன் நிற்கவில்லை என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுகொள்கிறார்கள்.

கழுத்து எப்போது வந்தது

அடுத்த வரிகளை நிரப்பும்போது, அறிக்கைகளின் ஆண்டுகளுக்குப் பக்கத்திலேயே டைனோசர் ஆராய்ச்சியின் ஆண்டுகளையும் வேறு நிற மையில் எழுதிவாருங்கள். இந்தப் பயிற்சி முழுவதிலும் அதிகம் கற்றுக்கொடுப்பது இதுதான் என்பது என் கருத்து.

1897-இல் அமெரிக்க ஓவியர் சார்லஸ் நைட், சதுப்பு நீரில் பாதி மூழ்கி நிற்கும் பிரொண்டோசரஸ் என்ற நீள்கழுத்து டைனோசரின் படத்தை வரைந்தார். 1905-இல் டிப்ளோடோகஸ் என்ற நீள்கழுத்து டைனோசரின் முழு எலும்புக்கூட்டு வார்ப்பு லண்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1908-இல் இன்னொரு வார்ப்பு பெர்லினுக்குப் போனது. ஐரோப்பாவின் செய்தித்தாள்கள் அவற்றைக் கொண்டாடிய அதே காலத்தில், ஹாம்பர்க் நகரின் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் தம் நூலில், ரொடீசியாவின் (இன்றைய ஜாம்பியா, ஜிம்பாப்வே) சதுப்புகளில் பாதி யானையும் பாதி டிராகனுமான ஒரு விலங்கு இருப்பதாகத் தமக்குத் தகவல் வந்ததென்றும், அது பிரொண்டோசரஸைப் போன்ற டைனோசராக இருக்கலாமென்றும் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1909-இல் வந்தது. ஆப்பிரிக்கச் சதுப்பில் டைனோசர் என்ற எண்ணம் உலகம் முழுவதும் பரவியது அதன் பிறகுதான். ரொடீசியா ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இருப்பது என்பதையும் இடப் பத்தியில் மறக்காமல் குறியுங்கள்.

1913-ஆம் ஆண்டுக்கான வரியில் ஜெர்மானியப் படைத்தலைவர் ஃபான் ஸ்டைனின் அறிக்கை வருகிறது. மொகேலே-ம்பெம்பே என்ற பெயரோடு, காங்கோ ஆற்றுப் பகுதியிலிருந்து வரும் விரிவான முதல் விவரிப்பு இது. இவரும் விலங்கைப் பார்க்கவில்லை. அந்தப் பகுதியின் வழிகாட்டிகள் சொன்னதை எச்சரிக்கையோடு பதிவு செய்தார். பழுப்புச் சாம்பல் நிறம், வழுவழுப்பான தோல், யானையளவு உடல், நீண்டு வளையும் கழுத்து, மிக நீண்ட ஒற்றைப் பல், சிலர் சொல்வதன்படி கொம்பு; படகுகளைக் கவிழ்த்து ஆட்களைக் கொல்லும், ஆனால் உடலைத் தின்னாது; ஆற்று வளைவுகளில் நீர் அரித்த களிமண் குகைகளில் வாழும்; வெள்ளைப் பூவும் பால் போன்ற சாறும் உள்ள ஒரு கொடியைத் தேடித் தின்னும். இந்த அடையாளங்களை ஒன்றுவிடாமல் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு இன்றைய காணொளி ஒன்றைப் போட்டு எவையெவை மிஞ்சியிருக்கின்றன என்று டிக் அடிக்கச் சொல்லுங்கள். கழுத்து இருக்கும், உடலின் அளவு இருக்கும். ஒற்றைப் பல்லும் கொம்பும் பெரும்பாலும் காணாமற்போயிருக்கும். டைனோசருக்குப் பொருந்தாத அடையாளம் உதிர்ந்து, பொருந்துவது மட்டும் கைமாறிக் கைமாறி வந்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

வேறு நிற மையில் இன்னும் ஒன்று எழுத வேண்டும். நீள்கழுத்து டைனோசர்கள் நீரில் மூழ்கி வாழ்ந்தன என்ற பழைய கருத்து பின்னர் கைவிடப்பட்டது. ஆழத்தில் நிற்கும் உடலை நீரின் அழுத்தம் மூச்சிழுக்க விடாது என்று 1951-இல் கெர்மாக் காட்டினார்; 1971-இல் ராபர்ட் பேக்கர் அவை நிலத்தில் நடந்து மேய்ந்தவை என்பதை உடலமைப்பை வைத்து வாதிட்டார். இன்று அறிவியல் ஏற்றுக்கொள்வது நிலத்தில் வாழ்ந்த டைனோசரைத்தான். கதையில் வரும் விலங்கோ இன்னமும் 1897-ஆம் ஆண்டு ஓவியத்தில் நின்ற இடத்திலேயே, கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீருக்குள் நிற்கிறது.

தேடிப் போனவர்கள்

1980-க்குப் பிந்தைய பயணங்களை விரைவாகவே கடக்கலாம். சிகாகோ பல்கலைக்கழக உயிர்வேதியியலர் ராய் மக்கால், முதலை ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் பவலோடு 1980-இலும், பிறகு 1981-இல் மறுமுறையும் சென்றார். கதைகளோடு திரும்பினார், விலங்கைப் பார்க்கவில்லை. 1981-இல் சென்ற ஹெர்மன் ரெகஸ்டர்ஸ், லிக்குவாலா சதுப்புக் காட்டுக்குள் இருக்கும் தேலே ஏரியில் அதைப் பார்த்ததாகச் சொன்னார். 1983-இல் காங்கோ நாட்டு உயிரியலர் மார்சலின் அன்யான்யா அதே ஏரியில் பார்த்ததாகவும், கேமராவைத் தவறான அமைப்பில் வைத்துவிட்டதால் படம் விழவில்லை என்றும் சொன்னார். பின்னாளில் சென்ற குழுக்களில் சில, பரிணாமக் கொள்கையை ஏற்காத கிறித்தவப் படைப்புக் கொள்கையாளர்களால் நடத்தப்பட்டவை. உயிருள்ள டைனோசர் கிடைத்தால் பரிணாமம் பொய்த்துவிடும் என்று அவர்கள் எண்ணினார்கள். அப்படிப் பொய்க்காது: முதலையும் ஆமையும் டைனோசர் காலத்திலிருந்தே தொடர்ந்து வரும் இனங்கள்தாம், அவற்றால் பரிணாமத்துக்கு எந்த இடரும் வரவில்லை. ஒவ்வொரு பயணத்தின் வரியிலும் "எதை நிறுவுவதற்காகப் போனார்கள்?" என்று ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். கடைசிப் பத்தியான "கையில் கிடைத்த பொருள்" எல்லா வரியிலும் காலியாகவே இருக்கும்.

அந்தக் காலியிடத்தின் பொருள் புரிய வேண்டுமானால், உண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட விலங்குகளின் வரிகளைத் தாளின் அடியில் சேர்க்க வேண்டும். "ஒகாபியையும் நம்பவில்லை, பிறகு கிடைத்ததே!" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள், நல்ல வாதம், அதையே எடுத்து ஆராயுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒகாபி 1901-இல் அறிவியலில் பதிவானது. அதற்கு முன்பே அதன் வரித்தோலில் செய்த வார்கள் மக்கள் கையில் இருந்தன, பிறகு முழுத்தோலும் மண்டையோடும் வந்தன. காங்கோ மயிலின் கதை இன்னும் அழகானது. அமெரிக்கப் பறவையியலர் ஜேம்ஸ் சாப்பின் 1913-இல் காங்கோவில் ஒருவரின் தலையணியில் அடையாளம் தெரியாத ஓர் இறகைக் கண்டு எடுத்து வைத்துக்கொண்டார். 1936-இல் பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தில், தவறான பெயரோடு ஓரமாகக் கிடந்த இரண்டு பதப்படுத்திய பறவைகளில் அதே இறகைக் கண்டார், பறவை பதிவானது. எப்போதோ அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938-இல் தென்னாப்பிரிக்க மீன்பிடிக் கப்பல் ஒன்றின் வலையில் வந்தது, கடலூர்த் துறைமுகத்தில் அரிய மீன் ஒன்று மற்ற மீன்களோடு கூடையில் வந்து இறங்குவதைப் போல. காட்டு மக்கள் அறிந்த விலங்கின் தோல், இறகு, எலும்பு, பல் ஆகியவை அறிவியலர் வருவதற்கு முன்பே அவர்கள் வீட்டில் புழங்குகின்றன. 1959-ஐ ஒட்டித் தேலே ஏரியில் இந்த விலங்கு ஒன்றைக் கொன்று தின்றார்கள் என்ற செய்தியையும் இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள்: யானையளவு உடலின் ஓர் எலும்பும் யார் கைக்கும் வரவில்லை.

காட்டை அறிந்துகொள்வது

"மனிதன் கால் படாத காடு, டைனோசர் காலத்திலிருந்து மாறாத சதுப்பு" என்ற வாசகம் எல்லாக் காணொளியிலும் வருகிறது. இரண்டு பாதியும் தவறு. அங்கே மக்கள் வாழ்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். தேலே ஏரியின் பரப்பு ஏறக்குறைய 23 சதுர கிலோமீட்டர். நம் ஊசுட்டேரியைப்போல் மூன்று மடங்கு இருக்கலாம். ஆழமும் பெரும்பாலும் சில மீட்டர்தான். நுரையீரலால் மூச்சுவிடும் பெருவிலங்குகள் குட்டிகளோடு கூட்டமாக வாழ்ந்தால் அதில் ஒளிந்திருக்க முடியுமா என்று ஊசுட்டேரிக் கரையில் நின்று கேட்டுப் பார்க்கலாம். ஓர் இனம் தொடர்ந்து பிழைக்க ஓரிரு விலங்குகள் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

காங்கோ குடியரசின் வடபகுதிக் காடுகளிலும் சதுப்புகளிலும், உறங்குவதற்காகக் கொரில்லாக்கள் கட்டும் கூடுகளை நடந்து நடந்து எண்ணி, 1,25,000-க்கும் மேற்பட்ட மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள் இருப்பதாக 2008-இல் அறிவித்தார்கள். 2017-இல் வேறொரு குழு, சேற்றில் முழங்காலளவு இறங்கித் துளைக்கருவியால் மண்ணை எடுத்து, 1,45,500 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு முற்றாக்கரிப் படிவு இருப்பதைக் காட்டியது. தமிழ்நாட்டின் பரப்பைவிட அது பெரிது. மட்கியும் மட்காமலும் நீரடியில் சேரும் தாவரக் குவியல் அது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் அந்த நிலையில் இருந்ததுதான் என்றால் கடலூர்ப் பிள்ளைக்கு உடனே விளங்கும். அந்தக் குழு அளந்த அடுக்குகளில் மிகப் பழையதற்கு வயது ஏறக்குறைய 10,600 ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்த இரண்டு எண்களையும் தாளில் அருகருகே பெரிதாக எழுதுங்கள்.

சாட்சி கேட்கும் முறை

மக்கள் பொய் சொல்கிறார்கள் என்ற முடிவுக்குப் பிள்ளைகள் வந்துவிடக் கூடாது. அது அநியாயமும் ஆகும். துதிக்கையை உயர்த்தி ஆற்றைக் கடக்கும் வன யானை, மூழ்கி எழும் நீர்யானை, பெரிய ஆமை, நீந்தும் மலைப்பாம்பு என்று உண்மையாகவே பார்க்கக்கூடியவை அங்கே பல இருக்கின்றன; அத்தோடு, அவ்வூரார் பலருக்கு மொகேலே-ம்பெம்பே விலங்காக மட்டுமின்றி ஆற்றின் ஆவியாகவும் இருக்கிறது. கேட்பவர் கேட்கும் விதமே விடையை மாற்றிவிடும். 2001-இல் ஒளிபரப்பான பிபிசி தொடர் ஒன்றில், விலங்குப் படங்கள் கொண்ட நூலைப் பார்த்த, பியாக்கா என்ற அந்தப் பகுதிக் காட்டு மக்கள் காண்டாமிருகத்தின் படத்தைச் சுட்டி இதுதான் மொகேலே-ம்பெம்பே என்றார்கள். கையில் நீள்கழுத்து டைனோசர் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டிருந்தால் வேறு விடை வந்திருக்கும்.

இதைப் பழகிக்கொள்ளக் கடலூர் மாவட்டத்தின் தென்கோடி ஏற்ற இடம். பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் முதலையைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் வந்த முதலைகளை வனத்துறையினர் பிடித்துச் சிதம்பரத்தை அடுத்த வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவதும் வழக்கம். ஊர்ப் பெரியவரிடம் "தாத்தா, முதலை எவ்வளவு பெருசா இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள்; "தாத்தா, அன்னிக்கு ஆத்துல என்ன பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் இருங்கள். பிறகு எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த நேரத்தில், உடலின் எந்தப் பகுதி நீருக்கு மேல் தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அளவைக் கையால் காட்டினால், நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். படங்களைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். முதலையோடு உடும்பு, நீர்நாய், அந்த ஆற்றில் இருக்கவே முடியாத நீர்யானை எல்லாம் கலந்து காட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக எழுதிய குறிப்புகளை அன்று மாலையே ஒப்பிட்டால், எழுதும்போதே எவ்வளவு மாறுகிறது என்பது தெரியவரும்.

பொருளைத் தொட்டுப் பார்க்க

பயிற்சியின் ஒரு நாளைத் திருவக்கரைக்கு ஒதுக்குங்கள். கடலூர் மணற்கல் என்று புவியியலர் பெயரிட்ட பாறை அடுக்கில் கல்லான மரங்கள் அங்கே கிடக்கின்றன. வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலர் சொன்னரா அவற்றைப் பதிவு செய்தார், புரோயாரின் நூல் வந்த ஐந்தாம் ஆண்டில். அவர் பார்த்ததை நாம் இன்றும் போய்ப் பார்க்கலாம், வளையங்களை எண்ணலாம். அவை டைனோசர் காலத்துக்குப் பல கோடி ஆண்டுகள் பிந்தியவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அங்கிருந்து ஒரு சில்லையும் எடுத்து வரக் கூடாது.

உண்மையான டைனோசர் எலும்பு வேண்டுவோர் அரியலூர்ப் பக்கம் திரும்ப வேண்டும். கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து 1980-களில் புருகத்காயோசரஸ் என்ற டைனோசர் விவரிக்கப்பட்டது. முதலில் ஊனுண்ணி என்றார்கள், பின்னர் நீள்கழுத்து வகை என்றார்கள். எலும்புகளோ பொடிந்து இல்லாமற்போய்விட்டன, வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே மிச்சம். ஆகவே அது உலகிலேயே பெரியதா என்ற கேள்வியில் அறிவியலர் இன்றும் எச்சரிக்கையாகவே பேசுகிறார்கள். நம் மண்ணின் டைனோசர் என்பதற்காக அதற்குச் சலுகை தராமல், தாளின் அடியில் அதற்கும் ஒரு வரி எழுதி, "கையில் கிடைத்த பொருள்" என்ற பத்தியில் "இருந்தது, இப்போது இல்லை" என்று குறித்துவிடுங்கள். கோயில் தூண்களின் யாளியை டைனோசர் என்று காட்டும் பகிர்வு வந்தாலும் இதே ஆறு பத்திகளில் அதை நிரப்பிப் பார்க்கச் சொல்லலாம்.

கண்காட்சியில் தாளை வைக்கும்போது பிரெஞ்சு மூலத்தின் பத்தியையும் பிள்ளைகளின் தமிழாக்கத்தையும் அருகருகே ஒட்டி, தரையில் 97 செ.மீ. வட்டத்தை வரைந்து, வருகிறவர்கள் தங்கள் காலை அதற்குள் வைத்துப் பார்க்க இடம் விடுங்கள். கொள்ளிடக் கரையில் குறிப்பெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகளை நீரோரம் இறங்க விடாதீர்கள்; குறிப்பெடுக்கும் நேரத்தில் முதலை தென்பட்டால் விலகி நின்று, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வனத்துறைக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.